‘செடி’, ‘புதர்’ ஆகிய சொற்களின் பொருள் வேறுபாடு: கடலூர், சிதம்பரம் வட்டாரத் தாவரங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மரத்தினும் தாழ்ந்து வளரும் தாவரங்களைக் குறிக்க இன்றைய தமிழில் பெருவழக்காக உள்ள சொற்கள் ‘செடி’, ‘புதர்’ என்னும் இரண்டாகும். அகராதிகள் இவ்விரண்டையும் ஒன்றற்கு ஒன்று பொருளாகத் தருவதும், பாடநூல்கள் இரண்டையும் இணைத்துப் ‘புதர்ச்செடி’ என ஒரே கலைச்சொல்லாக வழங்குவதும் காணப்படுகின்றன. ஆயினும் மக்கள் வழக்கில் இவை ஒன்றனிடத்தில் மற்றொன்று வருவதில்லை. செடி என்பது தனக்கெனப் பெயருடைய ஒரு தனித் தாவரத்தைச் சுட்டுகிறது. புதர் என்பது தனித்தனிச் செடிகள் பிரித்தறியப்படாத அடர்வையும், அவ்வடர்வு மூடியிருக்கும் இடத்தையும் சுட்டுகிறது. இவ்வேறுபாட்டை இலக்கியச் சான்றுகளாலும் இன்றைய தொடரமைப்புகளாலும் நிறுவி, கடலூர் மாவட்டத் தாவரங்கள் சிலவற்றில் அதனைப் பொருத்திக் காட்டி, கலைச்சொல்லாக்கத்திலும் அலுவலக ஆவணங்களிலும் அதனால் நேரும் விளைவுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செடி, புதல், புதர், தூறு, தில்லை, காயா, கோயில்காடு, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

கடலூரும் சிதம்பரமும் தாவரங்களால் பெயர்பெற்ற ஊர்கள். கடலூரின் பழம்பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் பெயர்பெற்றது. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை, கடற்கழி ஓரங்களில் வளரும் தில்லை என்னும் தாவரத்தால் அமைந்தது. இவற்றுள் பாதிரி மரம் என்பதில் ஐயமில்லை. தில்லையோ அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்துத் தாழ்ந்தும் வளரும். ஓங்கிச் சிறுமரமாகவும் நிற்கும். தாவரவியல் நூல்கள் அதனைக் குறுஞ்செடி என்றும் சிறுமரம் என்றும் இருவகையாகவும் விவரிக்கின்றன. ஆனால் தமிழ் வழக்கில் அது ‘தில்லை மரம்’ என்றும், தொகுதியாக நிற்கும்போது ‘தில்லைவனம்’ என்றும் வழங்குகிறதே அன்றித் ‘தில்லைப் புதர்’ என்று வழங்குவதில்லை.

ஒரு தாவரத்தை மரம் என்பதா, செடி என்பதா, புதர் என்பதா என்னும் முடிவை அதன் உயரமும் தண்டின் இயல்பும் மட்டும் உறுதிசெய்யவில்லை என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது. அவ்வாறாயின் அம்முடிவைச் செய்வது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. பழைய தாவரப் பகுப்பு

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் புல், மரம் என இரண்டாகப் பகுக்கிறது. வயிரம் புறத்தே உடையவை புல். அகத்தே உடையவை மரம். இதன்படி பனை, தெங்கு, மூங்கில் முதலியன புல்லினத்தைச் சாரும். தோடு, மடல், ஓலை, பாளை முதலிய உறுப்புப் பெயர்கள் புல்லுக்கும், இலை, தளிர், கோடு, சினை முதலியன மரத்துக்கும் உரியனவாக வகுக்கப்படுகின்றன. இப்பகுப்பின் அளவுகோல் வயிரம் இருக்கும் இடம், உயரம் அன்று. ஆகவே தாழ்ந்து வளரினும் உள்வயிரம் உடைய காரை, களா போன்றவை இம்முறையில் மரத்தின்பாற் படும். செடி என்றோ புதல் என்றோ மூன்றாம் வகை ஒன்று அங்கு வகுக்கப்படவில்லை.

நிகண்டுகளும் இம்மரபையே தழுவுகின்றன. திவாகரத்தில் தாவரப் பெயர்கள் அடங்கிய பகுதிக்குப் பெயர் மரப்பெயர்த் தொகுதி என்பதாகும். மரம், கொடி, புல் என்னும் வேறுபாடின்றி அனைத்தும் அதனுள் அடங்குகின்றன. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் நீண்ட பூப்பட்டியலில் பாதிரியும் தில்லையும் உள்ளன. காயா, ஆவிரை, சூரல் முதலிய தாழ்ந்து வளர்வனவும் உள்ளன. இவை யாவும் தத்தம் பெயராலேயே சுட்டப்படுகின்றன. வகைப்பெயர் எதுவும் ஒட்டப்படவில்லை. பெயர் தெரிந்த தாவரத்துக்கு வகைப்பெயர் இன்றியமையாதது அன்று என்னும் நிலையை இப்பட்டியல் காட்டுகிறது.

எனவே ‘செடி’, ‘புதர்’ என்னும் இன்றைய இணை, மரபிலக்கணப் பகுப்பிலிருந்து வந்ததன்று. அது வழக்கிலிருந்து உருவானது. அதனை வழக்கின்வழியே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

3. புதலும் புதரும்

‘புதர்’ என்பதன் பழைய வடிவம் ‘புதல்’. பந்தல் பந்தர் எனவும், சாம்பல் சாம்பர் எனவும் வருவதுபோல இறுதி லகரம் ரகரமாகத் திரிந்த கடைப்போலி இது. சங்க இலக்கியத்தில் பெரிதும் காணப்படுவது ‘புதல்’ என்னும் வடிவமே.

அச்சொல் ஆளப்படும் சூழல்கள் கருதத்தக்கன. நெடுநல்வாடையின் தொடக்கத்தில் கூதிர்க்காலக் காட்சி ஒன்று வருகிறது. முசுண்டைக் கொடியின் வெண்பூவும் பீர்க்கின் பொன்னிறப் பூவும் புதல்தோறும் மலர்ந்திருப்பதாக நக்கீரர் கூறுகிறார். ‘தோறும்’ என்னும் பொருள்பட அச்சொல் அங்கு இரட்டித்து நிற்கிறது. மலர்பவை முசுண்டையும் பீர்க்கும். புதல் அவை படர்ந்து மலர்தற்கு இடமாக நிற்கிறது. புதல் எவ்வகைத் தாவரத்தால் ஆனது என்பதை அப்பாடல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அங்கில்லை.

திருக்குறளின் கூடாவொழுக்கம் அதிகாரத்தில் (குறள் 274) இச்சொல் மற்றொரு கோணத்தில் வருகிறது. தவவேடத்தில் மறைந்து தீயவை செய்வது, வேட்டுவன் புதலில் மறைந்துநின்று பறவைகளைப் பிடிப்பது போன்றது என்கிறார் வள்ளுவர். உவமைக்குப் புதலின் இலையோ பூவோ காயோ வேண்டப்படவில்லை. மறைக்கும் தன்மையே வேண்டப்படுகிறது.

இவ்விரு சான்றுகளாலும் புதலின் பொருட்கூறுகள் மூன்று புலனாகின்றன. ஒன்று, அடர்வு. இரண்டு, பிறிதொன்று தங்கவோ படரவோ மறையவோ இடமாதல். மூன்று, அதனை உருவாக்கிய தாவரத்தின் பெயர் பின்னணிக்குச் செல்லுதல். இம்மூன்றும் இன்றைய ‘புதர்’ என்னும் சொல்லிலும் மாறாது தொடர்கின்றன. ஈழத் தமிழில் இதே பொருளில் வழங்கும் ‘பற்றை’ என்னும் சொல்லும் ‘பற்றைக்காடு’ முதலிய தொடர்களில் தனித் தாவரத்தைக் குறியாமல் அடர்வையே குறிக்கிறது.

4. செடி: பொருள் மாற்றம்

‘செடி’ என்பதன் வரலாறு இத்துணை நேரானதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லுக்குத் தாவரப் பொருளோடு அடர்வு, தூறு ஆகிய பொருள்களையும், பாவம், தீநாற்றம் போன்ற பொருள்களையும் தருகிறது. பக்தி இலக்கியத்தில் இப்பிற்பொருள்கள் உயிர்ப்புடன் வழங்கின. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் நான்காம் திருமொழியில் கொடிய வினைகளைச் செடி என்கிறார். தூறு மண்டியதுபோல் அடர்ந்த வினை என்று அதற்குப் பொருள் கொள்வது வைணவ உரைமரபு.

இதனால் ஒரு காலத்தில் செடி என்னும் சொல்லும் புதல் என்பதைப் போலவே அடர்வையும், வேண்டாத மண்டலையும் உணர்த்தியது எனக் கொள்ளலாம். பின்னர் அவ்வடர்வுப் பொருள் செடியிலிருந்து விலகியது. தனித் தாவரம் என்னும் பொருளே பொதுவழக்கில் நிலைத்தது. அடர்வும் மண்டலும் முழுவதும் புதர், தூறு ஆகிய சொற்களின்பால் சென்றன. இன்று ‘செடி’ என்பதைக் கேட்கும் ஒருவருக்குக் குற்றமோ தீநாற்றமோ நினைவுக்கு வருவதில்லை. தொட்டியிலும் கொல்லையிலும் வளர்க்கப்படும் தாவரமே நினைவுக்கு வருகிறது.

உறவுமொழிகளை ஒப்புநோக்கினால் இச்சொல்லின் எல்லை மொழிக்கு மொழி வேறுபடுவது தெரியவரும். மலையாளத்தில் ‘செடி’ தமிழைப் போன்றே சிறு தாவரத்தைக் குறிக்கிறது. தெலுங்கில் ஒலியாலும் பொருளாலும் இதனோடு நெருங்கிய ‘செட்டு’ என்னும் சொல் மரத்தையும் செடியையும் ஒருங்கே குறிக்கிறது. வேப்பமரமும் அங்குச் ‘செட்டு’தான். உயரம் என்னும் அளவுகோல் இச்சொல்லின் அடிப்படையில் உறைந்த ஒன்றன்று என்பதற்கு இதுவும் துணைநிற்கிறது.

5. இன்றைய வழக்கில் வேறுபாடு

இன்றைய தமிழில் இவ்விரு சொற்களும் எவ்வெச்சொற்களோடு சேர்கின்றன என்பதைக் கொண்டு இவற்றின் பொருளெல்லையை வரையலாம். ஐந்து நிலைகளில் வேறுபாடு தெளிவாகிறது.

முதலாவது, தாவரப் பெயரோடு சேர்தல். கத்தரிச்செடி, பருத்திச்செடி, மிளகாய்ச்செடி, துளசிச்செடி, செம்பருத்திச்செடி, மருதாணிச்செடி எனச் செடி என்னும் சொல் எப்பெயரோடும் எளிதில் சேர்கிறது. புதர் அவ்வாறு சேர்வதில்லை. கத்தரிப்புதர், துளசிப்புதர் என்பன வழக்கில் இல்லை. தாழம்புதர், மூங்கில்புதர், ஈச்சம்புதர் போன்றவை உள்ளன. ஆனால் அவை ஒரு வேரிலிருந்தோ பல வேர்களிலிருந்தோ நெருங்கி எழுந்து, இடையே புகமுடியாதபடி நிற்கும் தொகுதிகளின் பெயர்களேயாம்.

இரண்டாவது, கொள்ளும் வினை. செடியை நடுகிறார்கள், வைக்கிறார்கள், வளர்க்கிறார்கள், அதற்கு நீர் ஊற்றுகிறார்கள். புதர் மண்டுகிறது, அதனை வெட்டுகிறார்கள், அகற்றுகிறார்கள். ‘புதர் நட்டார்கள்’ என்னும் தொடர் இலக்கணப் பிழையற்றதாயினும் வழக்கில் இயல்பானதன்று. செடிக்கு உரிய வினைகள் பெரும்பாலும் மனிதரின் செயல்கள். புதரின் தோற்றத்துக்கு உரிய வினையோ தானே நிகழ்வது.

மூன்றாவது, எண்ணிக்கை. ஐந்து செடி, பத்துச் செடி என எண்ணுகிறோம். ஒரு செடி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். புதர்களை எண்ணினாலும் எண்ணப்படுபவை தாவரங்கள் அல்ல, திட்டுகளே.

நான்காவது, இடவேற்றுமை. ‘செடியில் பூ’, ‘செடியில் காய்’ என்னும்போது முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள தொடர்பு தோன்றுகிறது. ‘புதரில் பாம்பு’, ‘புதருக்குள் முயல்’ என்னும்போது இடத்துக்கும் அதில் இருப்பதற்கும் உள்ள தொடர்பு தோன்றுகிறது. குறள் உவமையில் கண்ட பொருள் இங்கு அப்படியே தொடர்கிறது.

ஐந்தாவது, வளர்ச்சிப் பருவம். மாஞ்செடி வளர்ந்து மாமரமாகிறது. மரத்தின் இளநிலைக்குச் செடி என்னும் சொல் இயல்பாக வழங்குகிறது. கன்று, தென்னம்பிள்ளை, பனையின் இளநிலையாகிய வடலி ஆகிய சொற்களும் உடன் வழங்குகின்றன. ஓரறிவுயிரின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய பெயர்களைக் கொள்ளலாம் என்னும் மரபியல் விதியின் தொடர்ச்சி இதில் உண்டு. புதர் எதன் இளநிலையும் அன்று. அது வளர்ந்து வேறொன்றாவதில்லை.

உயரம் இவ்வேறுபாட்டில் பங்கு கொள்ளவில்லை என்பதும் இங்கே உறுதிப்படுகிறது. ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து கிளைத்த செம்பருத்தி செடியாகவே வழங்க, முழங்காலளவு மண்டிய முள் புதராகிறது. ஆங்கிலத்தில் ‘ஷ்ரப்’ என்பதற்கும் ‘புஷ்’ என்பதற்கும் இடையே வளர்ப்பு, காட்டுவளர்ச்சி என ஒரு சாயல் வேறுபாடு உண்டெனினும், இரண்டும் தனித் தாவரத்தைக் குறிக்கக்கூடியவை. தமிழில் செடி ஓர் உயிரியின் பெயர். புதர் ஒரு நிலையின் பெயர்.

6. வட்டாரச் சான்றுகள்

6.1 தில்லை

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் பிச்சாவரம் அலையாத்திக்காடு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,100 எக்டேர். கண்டல் இனங்களோடு தில்லையும் அங்கு வளர்கிறது. தில்லையின் பால் தோலில் பட்டால் எரிச்சலும், கண்ணில் பட்டால் பார்வைக்குத் தீங்கும் தரும். தாழ்ந்து அடர்ந்து நிற்கும் இயல்பும், தொட அஞ்சும் தன்மையும் உடைய இத்தாவரம் வேறோர் ஊரில் வெறும் புதராகக் கருதப்பட்டிருக்கக் கூடும். தலத்தின் பெயராகவும் தலமரமாகவும் நிலைபெற்றமையால் அது மரம் என்னும் மதிப்பைப் பெற்றது.

தலமரம் என்னும் வழக்கே இதற்குச் சான்றாகிறது. திருக்கருகாவூரில் முல்லைக்கொடி தலமரம். திருநள்ளாற்றில் தருப்பைப்புல் தலமரம். கொடியும் புல்லும் மரம் எனப்படுவது வளரியல்பு நோக்கியன்று, மதிப்பு நோக்கி. வடிவத்தைக் குறிப்பனபோலத் தோன்றும் இச்சொற்கள் தாவரத்தோடு மனிதர் கொண்ட உறவையும் சேர்த்தே குறிக்கின்றன. மரம் என்னும் சொல்லில் மதிப்பும், செடி என்னும் சொல்லில் பேணலும், புதர் என்னும் சொல்லில் பேணாமையும் ஏறி நிற்கின்றன.

6.2 முந்திரி

போர்ச்சுகீசியர்வழி 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த முந்திரி, இன்று பண்ருட்டிப் பகுதியின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று. நடும்போது அது ஒட்டுச்செடி; காய்க்கும் பருவத்தில் மரம்; பரந்த நிலத்தில் தொகுதியாக நிற்கும்போது தோப்பு அல்லது முந்திரிக்காடு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலில் பலாவும் முந்திரியும் பெருமளவில் வீழ்ந்தன. மீண்டும் நடப்பட்டவை செடிகள். வீழ்ந்தது மரம், நட்டது செடி என்று ஒரே தாவரத்தைப் பற்றி ஒரே வாக்கியத்தில் கூறுதல் இயலும். கேட்போர்க்கு மயக்கம் நேராது. முந்திரியின் கிளைகள் தரையைத் தொடுமளவு தாழ்ந்து படர்வன. ஆயினும் பேணப்படும் முந்திரியைப் புதர் என்பாரில்லை.

6.3 நெய்வேலிக் காட்டாமணக்கு

கடலூர் மாவட்டத்து ஊர் ஒன்றன் பெயரையே தாங்கித் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட குறுந்தாவரம் நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரில் ஆமணக்கு இருப்பினும் அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. தென்னமெரிக்காவிலிருந்து வந்த, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களையுடைய, தாளிக்கொடியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. ஒடிந்த தண்டு ஈரமண்ணில் பட்டாலே வேர்விட்டு வளரும். ஆகவே ஏரிக்கரை, வாய்க்கால், வடிகால் ஆகியவற்றில் விரைந்து பரவி நீரோட்டத்தைத் தடுக்கிறது.

ஒரு தண்டைக் கையில் எடுத்து இது யாது என வினவினால் ‘நெய்வேலிக் காட்டாமணக்குச் செடி’ என்பது விடை. அதுவே வாய்க்காலை மூடி நிற்கும்போது ‘வாய்க்கால் புதர் மண்டிக் கிடக்கிறது’ என்பது செய்தி. தாவரம் ஒன்றே, பார்வை இரண்டு. செடி என்னும்போது ‘எது’ என்னும் வினாவுக்கு விடை கிடைக்கிறது. புதர் என்னும்போது ‘எப்படி இருக்கிறது’ என்னும் வினாவுக்கு விடை கிடைக்கிறது.

6.4 கோயில்காடுகள்

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் தனித்தன்மையுடைய காட்டுவகை திட்டுத்திட்டாக எஞ்சியுள்ளது. அத்திட்டுகள் பல கோயில்காடுகளாகவே காக்கப்பட்டு வந்துள்ளன. கடலூருக்கு அண்மையிலுள்ள திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய இடங்களின் காடுகள் 1990களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர்களால் விரிவாகக் கணக்கெடுக்கப்பட்டன. இக்காடுகளின் மரங்கள் பெரிதும் ஓங்கி வளர்வன அல்ல. முள்ளும் கொடியும் பின்னிக் கிடப்பதால் வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இவை புதராகவே தோன்றும். இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் ஆகியோரின் 1968ஆம் ஆண்டு நூலும் உலர் பசுமைமாறாக் காட்டோடு, அது சிதைந்த நிலையாகிய புதர்க்காட்டையும் தனியே குறிக்கிறது.

உள்ளே நிற்பனவற்றுக்கோ தனித்தனிப் பெயர்கள் உண்டு. நீலப் பூங்கொத்துகளால் முல்லைத்திணைப் பாடல்களில் இடம்பெற்ற காயா இக்காடுகளில் மிகுந்து காணப்படும் தாவரங்களுள் ஒன்று. களா, காரை, சூரை, விராலி, நிலக்குமிழ் முதலியன இவ்வகை நிலங்களுக்கு உரியவை. களாவும் காரையும் சூரையும் உண்ணத்தக்க கனி தருவன. ஆடு மேய்ப்போரும் மூலிகை பறிப்போரும் இவற்றைத் தனித்தனியே அறிவர். பெயர் அறிந்தவர்க்கு இவை களாச்செடி, காரைச்செடி. அறியாதவர்க்கு இவை யாவும் புதர். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு, அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் இடையே உள்ள தொலைவே ஆகும்.

7. கலைச்சொல்லும் ஆவணமும்

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியின் அளவில் நின்றுவிடுவதன்று. தாவரங்களின் வளரியல்பைக் கூறும் தமிழ்ப் பாடநூல்களில் சிறுசெடி, புதர்ச்செடி, மரம் என்னும் முப்பகுப்பு வழங்குகிறது. இதில் புதர்ச்செடி என்பது அடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைக்கும் வன்தண்டுத் தாவரத்தைக் குறிக்கும். அக்கருத்து தெளிவானதே. ஆனால் அதற்கு இடப்பட்ட பெயர், ஒரு தாவரத்தின் பிறவி இயல்பையும் பல தாவரங்கள் மண்டிய நிலையையும் ஒன்றாக்குகிறது. செம்பருத்தியைப் புதர்ச்செடி எனக் கற்கும் மாணவர், வீட்டு வாயிலில் தனித்து நிற்கும் செம்பருத்தியில் புதர் எங்கே உள்ளது எனக் கேட்பின், அவ்வினா அறியாமையால் எழுந்ததன்று, மொழியறிவால் எழுந்தது. ‘குத்துச்செடி’ என்னும் சொல் இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கிறது. குத்தாக, அதாவது அடியிலிருந்தே கொத்தாக, எழும் செடி என்னும் பொருள் அதில் வெளிப்படையாக உள்ளது; மண்டல் என்னும் பொருள் அதில் இல்லை.

ஆவணங்களில் விளைவு இன்னும் பெரிது. சட்டத்தில் ஒரு தாவரச் சொல்லின் எல்லை எத்தகைய பயனை விளைக்கும் என்பதற்கு 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் விளக்கப்பிரிவு ‘மரம்’ என்பதனுள் பனையினம், மூங்கில், அடிக்கட்டை, புதர்விறகு, பிரம்பு ஆகியவற்றையும் அடக்கியது. 2017இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால் ‘மூங்கில்’ என்னும் ஒரு சொல் அவ்விளக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. அதனால் காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கிலை வெட்டவும் கொண்டுசெல்லவும் அச்சட்டத்தின்கீழ் இருந்த தடை நீங்கியது. தொல்காப்பியம் புல் என்றதைச் சட்டம் மரம் என்றது. பின்னர் அதனை விடுவித்தது. மூங்கிலின் இயல்பில் மாற்றமில்லை. சொல்லின் எல்லை மாறியதால் உழவரின் உரிமை மாறியது.

இந்திய வன அளவைத் துறையின் அறிக்கைகள், மரக்கவிப்பு 10 விழுக்காட்டுக்குக் குறைந்த வனநிலத்தைப் புதர்நிலமாகக் கொள்கின்றன. அளவீட்டுக்கு அது பொருத்தமான வரையறை. ஆயினும் அச்சொல் பொதுவழக்கில் இறங்கும்போது, ‘பயனற்றது, அகற்றத்தக்கது’ என்னும் வழக்குப் பொருளும் உடன் ஏறிக்கொள்கிறது. ‘புதர்களை அகற்றுதல்’ என்னும் தொடர் உள்ளாட்சிப் பணிகளில் பெருவழக்கு. வாய்க்காலில் மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்குக்கு அது பொருந்தும். அகற்றாவிடில் நீர் வயலை அடையாது. அதே தொடர் ஒரு கோயில்காட்டின் விளிம்புக்கும் பொருந்துமாறு ஆளப்படின், காயாவும் களாவும் காட்டாமணக்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். எதை வெட்டுவது, எதை விடுவது என்னும் வேறுபாட்டை அத்தொடரால் தெரிவிக்க இயலாது. அச்சொல்லின் பொருளமைப்பே பெயர்களைப் பின்னுக்குத் தள்ளுவதாக இருப்பதே அதற்குக் காரணம்.

தமிழ்நாடு அரசு 2022இல் ஊடுருவும் அயல் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டுள்ளது. சீமைக்கருவேல், உண்ணிச்செடி முதலியவற்றை அகற்றி இயல்பான தாவரங்களை மீட்பது இத்தகைய முயற்சிகளின் நோக்கம். அயல் தாவரத்தையும் மண்ணுக்குரிய தாவரத்தையும் பிரித்தறிவது இப்பணியின் முதற்படி. அப்படியைக் கடக்கச் செடிகளின் பெயர்கள் வேண்டும். புதர் என்னும் சொல் போதாது.

இவற்றைக் கருதி மூன்று முடிபுகளை முன்வைக்கலாம். முதலாவது, வளரியல்பைக் குறிக்கும் கலைச்சொல்லாகப் ‘புதர்ச்செடி’ என்பதைக் காட்டிலும் ‘குத்துச்செடி’ என்பது பொருத்தமானது. இரண்டாவது, ‘புதர்’ என்பதைத் தாவரத் தொகுதியின் நிலையைக் குறிக்க மட்டும் ஆளுதல் நன்று. மூன்றாவது, கணக்கெடுப்பிலும் பணி ஆணைகளிலும் புதர் என்னும் சொல் வருமிடத்தில், அது எவ்வெச்செடிகளால் ஆனது என்பதை வட்டாரப் பெயர்களோடு உடன் குறித்தல் வேண்டும்.

8. முடிவுரை

செடி, புதர் ஆகிய சொற்களின் வேறுபாடு உயரத்தையோ தண்டின் வன்மையையோ பற்றியதன்று. சங்க காலப் ‘புதல்’ முதல் இன்றைய ‘புதர்’ வரை அச்சொல் அடர்வையும் மறைவையும் இடத்தையும் குறித்து வந்துள்ளது. ஒரு காலத்தில் அடர்வுப் பொருளைத் தானும் கொண்டிருந்த ‘செடி’, பின்னர் அதனை நீக்கிப் பெயரும் எண்ணிக்கையும் பேணலும் உடைய தனித் தாவரத்தின் சொல்லாயிற்று. தில்லை, முந்திரி, நெய்வேலிக் காட்டாமணக்கு, காயா ஆகிய நான்கும் இதனை வெவ்வேறு வகையில் உறுதிப்படுத்துகின்றன.

ஒரு தாவரம் செடியாவதும் புதராவதும் அதனைக் காண்பவர் அதன் பெயரை அறிந்திருப்பதையும் பொறுத்தது. வட்டாரத் தாவரப் பெயர்கள் வழக்கொழியுந்தோறும் செடிகள் குறைந்து புதர்கள் பெருகும். நிலத்தில் ஒரு தண்டும் புதிதாக முளைக்காமலே இது நிகழும். ஆகவே கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஆடு மேய்ப்போர், மூலிகை பறிப்போர், கழிமுக மீனவர் ஆகியோரிடம் வழங்கும் தாவரப் பெயர்களைத் தொகுப்பது மொழியாய்வுக்கும் தாவர ஆய்வுக்கும் ஒருங்கே உரிய பணியாகும்.